திட்டுக்குப் போகலாம்

எதையும் எளிமையாகச் செய்யவேண்டும் என்பது என் கட்சி. ரசம் வைக்கப் புளி, மிளகு, சீரகம், பூண்டு போதும். அதற்குமேல் அள்ளிப் போடுகிறவர்கள் ருசிக்காகப் போடுவதில்லை, பக்கத்தில் நிற்பவர்கள் பார்க்கட்டும் என்று போடுகிறார்கள். கணினி வேலையும் அப்படித்தான். நீங்கள் வெள்ளைத்தாளைக் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்றீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். எழுதுகிறேன். என் கையெழுத்து நன்றாகவே இருக்கும், படிக்கச் சிரமம் இராது.

என் பெயர் சேரன். வயது முப்பத்தாறு. ஊர் கொள்ளிடக் கரையில் உள்ள கீழப்படுகை. அப்பா அடுத்தவர் வயலில் நாற்றுமுடி சுமந்தவர். நான் படித்துச் சென்னையில் ஒரு கம்பெனியில் ஒன்பது வருஷம் சர்வர் கணினிகளைக் கட்டி மேய்த்தேன். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனதும் ஊருக்கு வந்துவிட்டேன். அப்பாவும் அம்மாவும் அப்போது இல்லை. தங்கையன் பெரியப்பாவும் ராமாயி பெரியம்மாவும்தான் எனக்கு இருந்தார்கள். ரத்த உறவு கிடையாது, அடுத்த வீடு. அப்பா இறந்த வருஷத்திலிருந்து நான் அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டு வளர்ந்தேன். அவர்கள் மகன் அன்பரசனும் நானும் ஒரே தட்டில் கை வைத்தவர்கள்.

எங்கள் ஊர் ஆற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். கொள்ளிடம் வருஷத்தில் பாதிக்குமேல் மணலாகத்தான் கிடக்கும். நடுவில் ஒரு பெரிய திட்டு இருக்கிறது. புல் அங்கேதான் வளரும். மாடு வைத்திருப்பவர்கள் முழங்கால் தண்ணீர் ஓடுகிற ஓடையைத் தாண்டித் திட்டுக்குப் போவார்கள், வருவார்கள். மேற்கே உபரித் தண்ணீரைத் திறந்துவிட்டால் அந்த ஓடை கால் மணி நேரத்தில் ஆள் மட்டத்துக்கு ஏறிவிடும். பிறகு திட்டும் முழுகும். இதில் ஒவ்வொரு தலைமுறையிலும் இரண்டு மூன்று பேரை ஊர் இழந்திருக்கிறது.

அதற்காகத்தான் நான் அந்த மெஷினைச் செய்தேன். என் வீட்டு மாடியறையில் ஒரு பழைய கணினி. பன்னிரண்டு கிலோமீட்டர் மேற்கே ஒரு பாலத்தூணில் தண்ணீர் மட்டம் அளக்கிற கருவி. அங்கே ஏறினால் எங்கள் திட்டுக்கு வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆகும். கரையில் நான்கு ஒலிபெருக்கி. காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை நான்கு, மூன்று வேளையும் என் குரல் கேட்கும்: "ஆற்றில் மாற்றமில்லை. திட்டுக்குப் போகலாம்." மேற்கே தண்ணீர் ஏறினால் வேளை பார்க்காமல் அந்த நிமிஷமே சைரன் அலறும். சைரன் கேட்டால் பரிசலைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் கரைக்கு ஓடிவரவேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. ஐந்து வருஷத்தில் நான்கு தடவை வெள்ளம் வந்தது. ஒரு கன்றுக்குட்டிகூடப் போகவில்லை.

கணினிக்குள் எப்படி என்று அன்றைக்கு உங்கள் எஸ்.ஐ. கேட்டார். கண்டெய்னர் என்று நான் சொன்னதும் துறைமுகத்து இரும்புப்பெட்டியை நினைத்துக்கொண்டார். இது கணினிக்குள் கட்டுகிற தனி அறை. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அறை, ஓர் அறை இடிந்தால் அடுத்த அறை நிற்கும். நான் இரண்டே அறை கட்டினேன். ஒன்று பாலத்தின் அளவைப் படிக்கும், அதற்குப் பெயர் கண். இன்னொன்று ஒலிபெருக்கியில் பேசும், அதற்குப் பெயர் வாய். இந்த அறைகளை மேய்க்கப் பெரிய கம்பெனிகள் யானை மாதிரி மென்பொருள் வைத்திருக்கின்றன. எனக்கு அது பிடிக்காது. நான் ஷெல் ஸ்கிரிப்டில் எழுதினேன். மளிகைக்கடைக்குக் கொடுத்தனுப்புகிற சீட்டு மாதிரி அது. எழுதியதைக் கணினி மேலிருந்து கீழே வரிசையாகச் செய்யும், கேள்வி கேட்காது. எழுப்ப ஒரு சீட்டு, நிறுத்த ஒரு சீட்டு, நலமா என்று பார்க்க ஒரு சீட்டு. மொத்தம் இருநூறு வரிகூட இராது. யார் வேண்டுமானாலும் படித்துப் புரிந்துகொள்ளலாம். யாரும் படித்ததில்லை, அது வேறு விஷயம்.

முதல் வருஷம் ஊர் நம்பவில்லை. முக்கியமாகப் பெரியப்பா நம்பவில்லை. திட்டுக்குப் போகிறவர்கள் ஓடைக்கரையில் ஒரு குச்சியை நட்டுவிட்டுப் போவது பழைய பழக்கம். குச்சியின் அடி நனைந்தால் மாட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். புல் அறுக்கும்போதும் ஒரு கண் குச்சியின் மேலேயே இருக்கும். பெரியப்பா நாற்பது வருஷமாகக் குச்சி நட்டவர்.

"பெரியப்பா, குச்சி நனையுறப்ப தண்ணி வந்துருச்சுன்னு அர்த்தம். நான் ரெண்டரை மணி நேரம் முன்னாடியே சொல்லிருவேன். இன்னும் எதுக்கு இது?" என்று ஒருநாள் நானே அந்தக் குச்சியைப் பிடுங்கி எறிந்தேன்.

அவர் சிரித்தார். "சரிடா. இனிமே ஆத்தப் பாக்கல, ஒன் கொரலத்தான் கேக்குறேன்" என்றார்.

அந்தச் சொல்லுக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். அதன்பிறகு ஊரில் யாரும் குச்சி நடவில்லை. அரசாங்க வண்டி மைக் கட்டிக்கொண்டு முதல் நாளே எச்சரித்துவிட்டுப் போகும். அது அவர்கள் கடமை, ஒழுங்காகவே செய்கிறார்கள். ஆனால் வண்டி சொன்னால் தண்ணீர் வரப்போகிறது என்று மட்டும் பொருள், எத்தனை மணிக்கு என்று நம் மைக் சொல்லும் என்று நான்தான் ஊருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஆகவே வண்டி போனபிறகும் எங்கள் ஆட்கள் பதறமாட்டார்கள்.

இந்த வருஷம் வைகாசியில் படுகை விவசாயிகள் சங்கம் பொதுக்குழு கூட்டியது. செயலாளர் அன்பரசன்தான். மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டம். நான் எப்போதும்போல ஒலிபெருக்கிக் கம்பிகளைப் பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்துப் போனேன்.

"தப்பா எடுத்துக்காத சேரா," என்று அன்பரசன் ஆரம்பித்தான். நம் ஆட்கள் இப்படி ஆரம்பித்தால் வெட்டு விழப்போகிறது என்று பொருள். "மெஷினு ஒன் வீட்டு மாடியில இருக்குறது சரியா வரலடா. நீ அதிராம்பட்டினம் கல்யாணத்துக்குப் போனப்ப ரெண்டு நாளு நின்னுபோச்சு. சாவி யாருட்டயும் கெடையாது. ஊரு உசுரு அது. பொதுவுல இருக்கட்டும். செம்மொழி பாத்துக்கும்."

செம்மொழி அவன் தங்கை. கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டிலிருந்து பெங்களூர் வேலை பார்க்கிற பெண். எனக்கும் தங்கைதான்.

நியாயம் இல்லாத பேச்சு என்று சொல்லமாட்டேன். இரண்டு நாள் நின்றது உண்மை. அதிராம்பட்டினத்திலிருந்தே போன் வழியாக ஒரு வரியில் எழுப்பியிருக்கலாம் என்பதும் உண்மை. எழுப்பவில்லை. கிளம்பும்போது யாரும் என்னைப் பத்திரமாகப் போய்வா என்று சொல்லவில்லை, நான் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். ஆற்றில் அப்போது சொட்டுத் தண்ணீர் இல்லை, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

கை தூக்கச் சொன்னார்கள். எல்லோரும் தூக்கினார்கள். அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை, ஊர் என்றால் அப்படித்தான். நான் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்க்காமல், கையைத் தூக்கினார்.

ஆறு கடக்கிறவரைக்கும் அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யாரோ நான் யாரோ என்பார்கள். கூட்டம் முடிந்து அவர் என் தோளில் கை வைத்து, "ஒனக்கும் செரமம் கொறையும்ல" என்றார். ரசத்துக் கறிவேப்பிலையை எடுத்து இலை ஓரத்தில் வைக்கிறவர்கள்கூட இவ்வளவு அன்பாக வைக்கமாட்டார்கள்.

நான் சண்டை போடவில்லை. பத்து நாள் அவகாசம் கேட்டேன். கணினியைத் துடைத்து, சீட்டுகளை அச்செடுத்து, ஒரு நோட்டில் ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று என் கையெழுத்தில் எழுதி, ஆனி முதல் வெள்ளிக்கிழமை சங்கக் கட்டடத்தில் ஒப்படைத்தேன். செம்மொழி என் குரலை எடுத்துவிட்டுத் தன் குரலைப் பதிந்தாள். சாவிகள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன் என்று கையெழுத்தும் போட்டேன்.

ஒப்படைப்பதற்கு முன்னால் ஒரு வரியை மாற்றினேன். அதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். கண் தூங்கிவிட்டால் வாய் என்ன பேசவேண்டும் என்று ஒரு வரி இருந்தது. "தகவல் இல்லை, யாரும் திட்டுக்குப் போகாதீர்கள்" என்று பேசும். அதை எடுத்துவிட்டு, கடைசியாகக் கிடைத்த அளவையே வைத்துப் பேசு என்று எழுதினேன். உலகத்தில் பாதி மெஷின்கள் அப்படித்தான் வேலை செய்கின்றன, அதில் தனியாகக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு வரி என்று எழுதிவிட்டேன். திருத்திக்கொள்கிறேன், இரண்டு. மின்சாரம் போய்வந்தால் வாய் தானாக எழுந்துகொள்ளும். கண்ணையும் தானாக எழுப்ப ஒரு வரி இருந்தது, அதை நீக்கினேன். அதன்பிறகு கண்ணை யாராவது கையால்தான் எழுப்பவேண்டும். அதை நோட்டில் எழுதவில்லை. எங்கள் ஊரில் மின்சாரம் ஒரு நாளைக்கு மூன்று தடவை போய்வரும்.

மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. நலமா என்று பார்க்கிற சீட்டு இரண்டு அறையையும் பார்த்துவிட்டுப் பதில் சொல்லும். அதை வாயை மட்டும் பார்க்கும்படி செய்தேன். அதனால் செம்மொழி எப்போது கேட்டாலும் 'எல்லாம் நலம்' என்றே வந்தது.

என் எண்ணம் இவ்வளவுதான். என்றைக்காவது மைக் சொல்வதும் ஆறு காட்டுவதும் ஒத்துப்போகாது. ஊர் முழிக்கும். செம்மொழி என்ன தட்டினாலும் ஓடாது. அன்பரசன் என் வாசலுக்கு வருவான். பின்னால் பெரியப்பாவும் வருவார். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை என்று சொல்வேன். ஆனால் யோசிப்பதுதான் என் தொழில் என்று உங்கள் எஸ்.ஐ. சொன்னார்.

ஒப்படைத்த அன்று மாலையே மின்சாரம் போனது. கண் அன்றைக்கே மூடிவிட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு சாவி, அதாவது போன் வழியாகக் கணினிக்குள் நுழைகிற கடவுச்சொல், என்னிடம் தங்கிவிட்டது. தினமும் காலையில் காபி குடித்துக்கொண்டே போனில் எட்டிப்பார்ப்பேன். கண் மூடியே கிடக்கும். வாய் மூன்று வேளையும் செம்மொழி குரலில் ஆற்றில் மாற்றமில்லை என்று சொல்லும். ஆறும் வறண்டே கிடந்ததால் அது சரியாகவும் இருந்தது. இப்படி நாற்பத்தொரு நாள்.

நடுவில் ஒருநாள் செம்மொழி வழியில் நிறுத்திக் கேட்டாள். புத்திசாலிப் பெண். "அண்ணே, பாலத்து அளவு பத்து நாளா ஒரே நம்பரே காட்டுது. சரிதானாண்ணே?"

"ஆத்துல தண்ணியே இல்ல, பின்ன எப்படிம்மா மாறும்?" என்றேன்.

"அதுவும் சரிதாண்ணே," என்று சிரித்துவிட்டுப் போனாள். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆடி பதினைந்தாம் தேதி மாலை அரசாங்க வண்டி வந்து, உபரித் தண்ணீர் திறக்கப்படுகிறது, கரையோர மக்கள் பாதுகாப்பாக இருக்கவும் என்று அறிவித்துவிட்டுப் போனது. ஊர் பதறவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு மைக் மாற்றமில்லை என்றது. மாட்டுக்காரர்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். பதினொரு மணிக்கெல்லாம் மற்றவர்கள் மாட்டோடு திரும்பிவிட்டார்கள், வண்டி சொன்னது மனதின் ஓரத்தில் உறுத்தியிருக்கும். பெரியப்பாவும் பெரியம்மாவும் மட்டும் மாட்டைத் திட்டிலேயே கட்டிவிட்டுக் கஞ்சி குடிக்க வீட்டுக்கு வந்தார்கள். அறுத்த புல்லும் அங்கேதான் கிடந்தது. வெள்ளம் வந்தால் ஒரு மாதம் புல் கிடைக்காது, அதனால் அன்றைக்கு அதிகமாக அறுத்திருந்தார்கள்.

பாலத்துக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் டீக்கடை வைத்திருக்கிறார். பத்தேமுக்காலுக்கு அவரைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். தண்ணீர் இப்போதுதான் வந்தது, அதற்குள் தூணில் பாதிக்கு ஏறிவிட்டது, சந்தைக் கூட்டம் மாதிரி வேடிக்கை பார்க்கிறார்கள் என்றார். கணக்குப் போட்டேன். ஒன்றேகாலுக்குத் திட்டுக்கு வந்துவிடும்.

பதினொன்றரைக்குக் கரைக்குப் போய் உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணிக்கு மைக் பேசியது. ஆற்றில் மாற்றமில்லை, திட்டுக்குப் போகலாம். கொஞ்ச நேரத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும் கயிறும் சாக்குமாக இறங்கி வந்தார்கள். என்னைப் பார்த்ததும் பெரியப்பா நின்றார். கூட்டத்துக்குப் பிறகு நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

"என்னடா எளச்சுட்ட. வீட்டுப் பக்கமே வர்றதில்ல," என்றார். பிறகு ஆற்றைப் பார்த்தார். "மாட்ட அவுத்துட்டு, புல்லத் தூக்கிட்டு வந்துரலாம்னு பாக்குறோம். நேரம் இருக்குல்லடா?"

யோசித்துப் பாருங்கள், மேடம். மைக் சொல்லிவிட்டது. தன் மகள் குரலில் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் என்னிடம் வந்து கேட்கிறார். அப்படியானால் அன்றைக்கு எதற்குக் கையைத் தூக்கினார்?

"அதான் மைக்ல சொல்லிட்டாங்களே, பெரியப்பா," என்றேன்.

"அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

நான் பொய் சொல்லவில்லை. மைக்கில் சொன்னது உண்மை.

அதற்குப்பின் நடந்தது உங்கள் கோப்பில் இருக்கிறது. பெரியப்பா உடல் மூன்றாம் நாள் நாணலில் கிடைத்தது. ஊர் செம்மொழியைக் குறை சொன்னது. வாயால் சொல்லாதவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் சாப்பிடாமல் கிடந்தாள். கருமாதிக்கு முதல் நாள் அன்பரசன் என் வாசலுக்கு வந்தான். மொட்டைத்தலையோடு படியில் உட்கார்ந்து அழுதான். "ஒன்ன நம்பாம விட்டதுக்கு எங்கப்பன ஆறு எடுத்துக்கிச்சுடா. மெஷின நீயே கொண்டுபோயிருடா," என்றான். நான் அவனைக் கட்டிக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்தது, அதில் நடிப்பு இல்லை. ஆனால் ஒப்படைத்த நாளிலிருந்து நான் எதிர்பார்த்திருந்த வார்த்தை அது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அன்று சாயங்காலம் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

செம்மொழிதான் கண்டுபிடித்தாள். அழுதுகொண்டே இருநூறு வரியையும் படித்திருக்கிறாள். அந்த மூன்று வரியும் என்றைக்கு மாற்றப்பட்டன என்ற தேதியைக் கணினி தானே குறித்து வைத்திருக்கும். எளிமையாக எழுதியதால் அவளுக்குச் சீக்கிரம் புரிந்திருக்கிறது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. பெரியம்மா உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தை நேற்று படித்துக் காட்டினீர்கள். மிதந்துவந்த வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் கிழக்கே கரையேறியவர் சொன்னது அது. "சேரன் கரையிலதான் இருந்துச்சு. அது இருக்கு, பாத்துக்கும்னு இருந்தோம்" என்று சொல்லியிருக்கிறார். அது உண்மை. நான் இருந்தேன்.

புல்லை வாரிக் கட்டவே அவர்களுக்கு ஒரு மணி தாண்டிவிட்டது. ஒன்று இருபதுக்குத் தண்ணீர் வந்தது. சருகும் நுரையுமாக, முதலில் சத்தமில்லாமல் வந்தது. மாடுகள் மூன்றும் நீந்தி வந்துவிட்டன. பெரியப்பாவும் வந்திருக்கலாம். பெரியம்மா புல்லுக்கட்டோடு பின்தங்கியதால் திரும்பிப் போனார். இருவரும் திட்டு மேட்டில் ஏறி நின்றார்கள். தண்ணீர் இடுப்பளவு ஏறியபோது பெரியப்பா கையை ஆட்டிக் கத்தினார். தண்ணீர்ச் சத்தத்திலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. மகன் பெயரைச் சொல்லவில்லை, என் பெயரைத்தான் சொன்னார்.

"சேரா, சைரனப் போடுடா. பரிசலு வரட்டும்."

போன் என் கையில்தான் இருந்தது. மெஷின் திறந்தே இருந்தது. சைரனுக்கு ஒரு வரி போதும், அதைத் தட்டியும் வைத்திருந்தேன். விரலை அழுத்தவேண்டியதுதான் பாக்கி. அவர்கள் மேட்டில் இருபத்தைந்து நிமிஷம் நின்றார்கள். பரிசல் வருவதற்குப் பத்து நிமிஷம் ஆகும்.

ஏன் அழுத்தவில்லை என்று கேட்டீர்கள். இரண்டு நாளாக நானும் அதைத்தான் யோசிக்கிறேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மெஷின் இப்போது ஊருடையது, என்னுடையது இல்லை. அடுத்தவர் மெஷினில் அனுமதியில்லாமல் கை வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது, மேடம்.